கம்பு முதலில்: அஜக்ஸில் சிலம்பமும் மரபு ஆயுதங்களும் பழக வருவோருக்கு

ஸ்காபரோவிலிருந்து கிழக்கே நகர்ந்து பிக்கரிங், அஜக்ஸ், விற்பி என்று டுராம் பகுதியில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களில் இரண்டு வகையினர் இந்த அத்தியாயத்தைத் தேடி வருவார்கள். ஒருவர், ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு நம்முடைய கலை ஒன்றைப் பழக்க நினைக்கும் பெற்றோர். மற்றவர், 2020இல் வந்த ‘பட்டாஸ்’ படத்தில் அடிமுறையைப் பார்த்தோ, விழா மேடையில் சுருள்வாள் சுழன்றதைப் பார்த்தோ ஆசை கொண்ட இளைஞர். எந்த வகுப்பு என்று முதலாமவர் கேட்கிறார். எந்த ஆயுதம் என்று இரண்டாமவர் கேட்கிறார். இருவருக்கும் ஒரே பதில்தான். முதலில் கால், பிறகு கம்பு, மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

மரபிலும் இந்த வரிசை உண்டு. கேரளக் களரியில் பாடம் நான்கு படிகளாக நடக்கிறது: உடலைப் பதப்படுத்தும் மெய்த்தாரி, மர ஆயுதங்களுக்கான கோல்த்தாரி, இரும்பு ஆயுதங்களுக்கான அங்கத்தாரி, கடைசியில் வெறுங்கை. எழுபது வயதைக் கடந்த பிறகும் வாள் பிடித்துப் பாடம் சொன்ன வடகரை மீனாட்சி அம்மாவுக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் களரியில் இறங்கியது ஏழு வயதில். அந்த வாள்வீச்சுக்கு அடியில் இருப்பது பல்லாண்டு மெய்ப்பயிற்சி. அஜக்ஸில் வாரம் இரண்டு மாலை மட்டுமே வகுப்புக்குப் போகக்கூடிய மாணவருக்கு இந்த வரிசை இன்னும் முக்கியம். குறைந்த நேரத்தைப் பல ஆயுதங்களுக்குப் பங்கிட்டால் எதுவும் கையில் நிற்காது.

எந்தக் கலையைத் தேர்வது

சிலம்பம் கம்பை மையமாகக் கொண்டது. குறவஞ்சி, நாகம் பதினாறு, துளுக்காணம் என்று அதற்குள் பல பாணிகள் இருக்கின்றன. ஆசான் எந்தப் பாணியில் வந்தவரோ அதுவே உங்கள் பாணி. பாணிகளை ஒப்பிட்டுத் தேடுவதில் மாதங்களைச் செலவிட வேண்டாம். சிலம்பத்தோடு சேர்ந்து வரும் வெறுங்கைப் பாடம் குத்துவரிசை. கன்னியாகுமரி மாவட்டத்தில் வேரூன்றிய அடிமுறையில் அடியும் தடுப்பும் பூட்டும் முதன்மை. உடம்பின் உயிர்நிலைகளைப் பற்றிய வர்மப் பாடம் அதனோடு இணைந்தது. இலங்கையின் கிழக்கில் முஸ்லிம் ஊர்களில் சீனடி சிலம்படி இன்றும் பழகப்படுகிறது. மலையகத்திலும் மலேசியாவிலும் தமிழர் வாழும் இடங்களில் கம்பு சுழல்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கதைத்துப் பாருங்கள். தாத்தாவின் ஊரில் கம்பு வாத்தியார் இருந்திருக்கக்கூடும். அந்தத் தொடர்பு பிள்ளைக்குப் பெரிய ஊக்கம்.

தமிழ்க் கலை வகுப்பு உங்கள் நேரத்துக்கோ தூரத்துக்கோ பொருந்தாவிட்டால் காத்திருக்க வேண்டாம். டுராமிலும் ஸ்காபரோவிலும் கராத்தே, டேக்வாண்டோ, ஜூடோ வகுப்புகள் எளிதாகக் கிடைக்கும். ஆயுதமே நோக்கமானால் மூன்று கலைகளைக் கவனியுங்கள். பிலிப்பீன்ஸின் ஆர்னிஸ் முதல் நாளிலேயே பிரம்பைக் கையில் தருகிறது. 2009இல் அந்த நாடு சட்டம் இயற்றி அதைத் தன் தேசியத் தற்காப்புக் கலையாக அறிவித்தது. ஒக்கினாவாவின் கொபுடோவில் நீண்ட தடியான ‘போ’ இருக்கிறது. அதன் பிடியும் அடியும் வேறு என்றாலும் இடுப்பைத் திருப்பி அடிக்கும் பழக்கம் சிலம்பத்துக்கும் உதவும். பிரம்ரன் பக்கம் போகக்கூடியவர்களுக்குப் பஞ்சாபியரின் கட்கா உண்டு. இவற்றில் ஓராண்டு ஊன்றிப் பழகியவர் பின்னர் சிலம்ப வகுப்புக்கு வந்தால் காலும் கண்ணும் தயாராக இருக்கும்.

ஆசானைப் பார்ப்பது எப்படி

ஒன்ராறியோவில் தற்காப்புக் கலை ஆசிரியருக்கென்று அரசு உரிமம் கிடையாது. கறுப்புப் பட்டியையும் ‘மாஸ்ரர்’ பட்டத்தையும் அந்தந்த அமைப்புகளே வழங்குகின்றன. ஆகவே சான்றிதழைப் பார்ப்பதை விட வகுப்பைப் பார்ப்பது நல்லது. பணம் கட்டுவதற்கு முன் முழு வகுப்பு ஒன்றைச் சுவரோரம் உட்கார்ந்து பாருங்கள். பார்க்க அனுமதிக்காத இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

என்ன பார்க்க வேண்டும்? முதலாவது, இடைவெளி. கையை நீட்டி முழுக் கம்பைச் சுழற்றும் ஒருவருக்கு ஏறத்தாழ ஐந்து மீட்டர் அகலமான வட்டம் வேண்டும். சிறிய மண்டபத்தில் இருபது பேர் ஒரே நேரத்தில் சுழற்றினால் யாருக்காவது அடிபடும். நல்ல ஆசான் பிள்ளைகளை அணி பிரித்து, ஒரு அணி சுழற்றும்போது மற்ற அணிக்குக் காலடிப் பாடம் கொடுப்பார். இரண்டாவது, திருத்தம். பிழையான பிடியைப் பார்த்ததும் அருகில் போய்க் கையை எடுத்து வைத்துக் காட்டுகிறாரா, அல்லது தூரத்தில் நின்று எண்ணிக்கை மட்டும் சொல்கிறாரா? மூன்றாவது, மூத்த மாணவர்கள். அவர்கள் சிறியவர்களோடு பழகும் விதத்தில் ஆசானின் குணம் தெரியும்.

பிறகு நேரில் கேளுங்கள். பிள்ளைகளோடு வேலை செய்வோருக்கான பொலிஸ் சரிபார்ப்பு எடுத்திருக்கிறாரா? முதலுதவி தெரிந்தவர் வகுப்பில் இருக்கிறாரா? காப்புறுதி உண்டா? ஆசானிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் தயங்குவதுண்டு. பொறுப்பான ஆசான் இந்தக் கேள்விகளை எதிர்பார்த்தே இருப்பார்.

ஆசானும் உங்களைப் பார்ப்பார் என்பதை மறக்க வேண்டாம். ஆயுதப் பாடம் யார் கைக்குப் போகிறது என்று கவனிப்பது பழைய வழக்கம். அதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி என்னும் எறிகோலை வீசவும் தனக்கு முதலில் கற்றுத் தந்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். 1801இல் மருது சகோதரர்களுக்கு எதிரான போரில் அதே வெல்ஷ் கம்பெனிப் பக்கம் நின்றார். அந்த ஆண்டு அக்டோபர் 24 அன்று சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆறு மாதமாகியும் ஆசான் வாளைத் தொட விடவில்லை என்று பிள்ளை முறையிட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கட்டணமும் ஒப்பந்தமும்

கோயில் மண்டபத்திலோ சங்கத்தின் பெயரிலோ நடக்கும் வகுப்புகளில் பெரும்பாலும் மாதக் கட்டணம் மட்டுமே இருக்கும். வணிகப் பயிற்சிக் கூடங்கள் ஒப்பந்தம் கேட்கும். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தற்காப்புக் கலை வகுப்புகளையும் உள்ளடக்கியது. முன்பணம் வாங்கும் ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேல் போகக்கூடாது. எழுத்து ஒப்பந்தத்தின் பிரதி கையில் கிடைத்ததிலிருந்து 10 நாட்களுக்குள், எந்தக் காரணமும் சொல்லாமல் நீங்கள் விலகலாம். மாதத் தவணையில் கட்டும் வழியையும் அவர்கள் தர வேண்டும். மூன்று ஆண்டுக் கட்டணத்தை இன்றே கட்டினால் கறுப்புப் பட்டி உறுதி என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வருமானம் குறைந்த குடும்பங்கள், 4 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டணத்துக்கு ஜம்ப்ஸ்டார்ட் அறக்கட்டளையில் விண்ணப்பிக்கலாம். வகுப்பு அதற்குத் தகுதியானதா என்று பதிவுக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

கம்பு: வாங்குவதும் பேணுவதும்

சிலம்பக் கம்பின் அளவு அவரவர் உடம்பைப் பொறுத்தது. நிமிர்ந்து நிற்கும்போது தரையிலிருந்து நெற்றி வரை வர வேண்டும். வளர்ந்தவருக்கு இது சுமார் ஐந்தரை அடி, ஏறத்தாழ 1.68 மீட்டர். வளரும் பிள்ளைக்கு ‘பிறகும் பயன்படட்டும்’ என்று நீளமானதை வாங்கிக் கொடுக்காதீர்கள். முனை தரையில் இடித்து மணிக்கட்டு நோகும். பிடி கெட்டுப் போகும். மூன்று அடி நீளமான செடிக்குச்சி ஒன்றும் தேவை. அதன் பயன் குளிர்காலத்தில் தெரியும்.

மரபில் கல்மூங்கில் கம்பு சிறந்தது. உள்ளே குழல் குறைந்து கெட்டியாக இருக்கும். தொடக்க மாணவருக்குப் பிரம்பு நல்லது. இலேசாக வளையும், உடையும்போது மூங்கில் போலக் கூரிய சிம்பாகப் பிளக்காமல் நார் நாராகப் பிரியும். தற்காப்புக் கலைப் பொருட்கள் விற்கும் கடைகளில் ஆர்னிஸ் பிரம்பு சுமார் 28 அங்குலத்தில் கிடைக்கும். செடிக்குச்சிப் பாடத்துக்கு அது போதும். இரண்டு துண்டாகக் கழற்றும் கம்பு பயணத்துக்கு வசதி. ஆனால் அதை வைத்து எதிராளியோடு மோதிப் பழகக் கூடாது. இணைப்பு எப்போது விட்டுப் போகும் என்று சொல்ல முடியாது.

நம் ஊரில் மூங்கிலைத் தண்ணீரில் ஊற வைத்து, தண்ணீர்ப் பரப்பில் அடித்து அடித்துக் கம்பைப் பதப்படுத்துவார்கள். இங்கே மூங்கிலின் முதல் எதிரி வீட்டுச் சூடாக்கி. குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று வறண்டு போவதால் மூங்கில் நீளவாக்கில் வெடிக்கும். சூடான காற்று வரும் துவாரத்துக்கு அருகிலும் காரின் பின்பெட்டியிலும் கம்பை வைக்காதீர்கள். மாதம் ஒரு முறை நல்லெண்ணெய் அல்லது ஆளி விதை எண்ணெயை மெல்லப் பூசித் துடையுங்கள். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காய விடுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் கம்பை முனையிலிருந்து முனை வரை கையால் தடவிப் பாருங்கள். கீறல் தெரிந்தால் அன்றைக்கு அந்தக் கம்பு வேண்டாம்.

எங்கே பழகுவது

அஜக்ஸ் வீடுகளில் நிலவறை இருக்கிறது என்பதற்காக அங்கே முழுக் கம்பைச் சுழற்ற முடியாது. 165 செ.மீ. உயரமானவர் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் கை இரண்டு மீட்டரை எட்டும். அதற்கு மேல் பாதிக் கம்பின் நீளத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மீட்டர் உயரம் தேவை. எட்டு அடி நிலவறைக் கூரை சுமார் 2.4 மீட்டர்தான். ஆகவே வீட்டுக்குள் காலடி, குத்துவரிசை, செடிக்குச்சி. முழுக் கம்பு வெளியிலும் உயரமான மண்டபத்திலும்.

மே முதல் அக்டோபர் வரை திறந்த வெளி கைகொடுக்கும். அஜக்ஸின் ஏரிக்கரை பெருமளவு பொதுநிலமாகக் காக்கப்பட்டிருப்பது இந்த நகரத்தின் பெரும் பேறு. ரோட்டரி பூங்கா, பரடைஸ் பூங்கா போன்ற இடங்களில் அதிகாலையில் விரிந்த புல்தரை கிடைக்கும். விளையாட்டுத் திடலுக்கும் நடைபாதைக்கும் தள்ளி நில்லுங்கள். பயிற்சிச் சீருடை அணிந்து, இரண்டு மூன்று பேராகப் போங்கள். வழியில் கம்பு பையிலேயே இருக்கட்டும். யாராவது பயந்து பொலிஸை அழைத்தால், வருபவரைக் கண்டதும் கம்பைத் தரையில் வைத்துவிட்டு, என்ன பழகுகிறீர்கள் என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

குளிர்காலத்துக்குப் பள்ளி உடற்பயிற்சி மண்டபமே மிகப் பொருத்தம். டுராம் பகுதிப் பள்ளிச் சபைகள் மாலை நேரங்களில் சமூக அமைப்புகளுக்கு மண்டபத்தை வாடகைக்குக் கொடுக்கின்றன, காப்புறுதி கேட்பார்கள். நகரசபையின் அஜக்ஸ் சமூக நிலையம், மக்லீன் சமூக நிலையம், ஓட்லி பொழுதுபோக்கு நிலையம் ஆகியவற்றிலும் அறைகள் இருக்கின்றன. பதிவு செய்யும் முன் கூரையின் உயரத்தையும் விளக்குகளையும் நேரில் பாருங்கள்.

முதல் ஆண்டு

முதல் மூன்று மாதம் காலுக்கு. நிற்கும் நிலை, முன்னும் பின்னும் நகரும் காலடி, உடலைத் திருப்பும் விதம். கம்பு கையில் இருந்தாலும் கவனம் பாதத்தில் இருக்க வேண்டும். அடுத்த மூன்று மாதம் பிடிக்கும் சுழற்சிக்கும். பின்கை கம்பின் அடியில், உடம்போடு ஒட்டி. முன்கை சுமார் 40 செ.மீ. தள்ளி. வலக்கையில் எத்தனை சுற்றோ இடக்கையிலும் அத்தனை. சுழற்சி தோளிலிருந்து வராமல் மணிக்கட்டிலிருந்து வரப் பழகுங்கள். இல்லாவிட்டால் தோள் விரைவில் நோகும்.

ஏழாம் மாதத்திலிருந்து அடி, குத்து, காலை நோக்கி வரும் வாரல், அவற்றுக்கான தடுப்புகள். ஆண்டு முடிவில் எதிராளியோடு சொல்லி வைத்த அடிகளை மெதுவாகப் பரிமாறும் நிலைக்கு வந்தால் அது நல்ல முன்னேற்றம். விழா மேடையில் கைதட்டு வாங்கும் அலங்காரச் சுழற்சிக்குப் பிள்ளைகள் ஆசைப்படுவது இயல்பு, அதையும் பழகட்டும். ஆனால் எதிரே ஒருவர் நிற்கும்போது தூரத்தையும் நேரத்தையும் கணிக்கும் திறமை போர்ச் சிலம்பத்தில்தான் வளரும். இரண்டும் உள்ள வகுப்பே முழுமையான வகுப்பு.

வீட்டில் தினம் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஒரு நாள் மட்டும் இரண்டு மணி நேரம் பழகுவதை விடப் பயன் தரும்.

மற்ற ஆயுதங்கள், வரிசைப்படி

இரண்டாம் ஆண்டில் செடிக்குச்சியை முறையாகக் கற்கலாம். வாளுக்கும் குறுங்கத்திக்கும் அது அடிப்படை. அதன் பிறகு மான்கொம்பு. இரு கொம்புகளை எதிரெதிர்த் திசையில் பிணைத்துச் செய்த இந்த ஆயுதம் தடுக்கவும் குத்தவும் பயன்படும். அசல் கொம்பை ஊரிலிருந்து கொண்டுவர நினைக்கவே வேண்டாம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தக் கொம்புக்குரிய வெளிமான் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. வேறொரு நாட்டின் சட்டத்தை மீறி எடுத்த விலங்குப் பொருளைக் கனடாவுக்குள் கொண்டுவருவது இங்கேயும் குற்றம். மரத்தில் செய்த மாதிரி போதும்.

மூன்றாம் ஆண்டுக்குப் பின் ஈட்டி, வாள், கேடயம். முதலில் மரத்தில், பிறகு முனை மழுங்கிய உலோகத்தில். சுருள்வாள் கடைசி. வளையும் தகடு எங்கே திரும்பும் என்பதை மணிக்கட்டு அறியும் வரை அது வீசுபவரையே முதலில் வெட்டும். வளரி எறிய ஆளில்லாத பெரிய திடல் வேண்டும். நகரப் பூங்காவில் அதற்கு இடமில்லை. வர்மப் பாடம் மூத்த மாணவருக்கு மட்டும், நேரடியாக ஆசானிடம்.

கனடாச் சட்டம்

கம்பு, வாள், ஈட்டி ஆகியவை தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலில் இல்லை. ஆனால் நுன்சாகு, எறிநட்சத்திரம், உலோகக் கைமுட்டி வளையம், உதறியதும் திறக்கும் கத்தி ஆகியவற்றை வைத்திருப்பதே குற்றம். பயிற்சிக்கு என்று சொன்னாலும் அது விலக்காகாது. கைப்பிடி வெட்டுமுனைக்குக் குறுக்காக அமைந்த குத்துக்கத்தியும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் கட்டாரியின் பிடி அதே அமைப்பு. எனவே ஊரில் நினைவுப் பொருளாக விற்கும் கட்டாரியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வராதீர்கள்.

அனுமதிக்கப்பட்ட பொருளையும் பிறரை மிரட்டும் நோக்கில் எடுத்துச் சென்றாலும், ஆயுதமாக மறைத்து வைத்துச் சென்றாலும் குற்றவியல் சட்டத்தின் 88ஆம், 90ஆம் பிரிவுகள் பொருந்தும். வகுப்புக்குப் போகும்போது பையில் கட்டி, நேராகப் போய் நேராக வீடு திரும்புங்கள். ஆசானின் அனுமதியும் பள்ளி நிர்வாகத்தின் அனுமதியும் இல்லாமல் பிள்ளை எந்த ஆயுதத்தையும் பள்ளிக்குக் கொண்டு போகக்கூடாது. மர மாதிரியும் இதில் அடங்கும். விமானத்தில் கம்பு பொதிப் பெட்டிகளோடு போகலாம், கைப்பையோடு அறைக்குள் போகாது. ஊரிலிருந்து மூங்கில் கொண்டுவந்தால் எல்லை அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

காயமும் தலையும்

மோதிப் பழகும் நாளிலிருந்து கண்ணாடி அல்லது முகத்தட்டு உள்ள தலைக்கவசம், பற்காப்பு, கையுறை, கால்முன்னெலும்புக் காப்பு கட்டாயம். ‘அடி வாங்கினால்தான் அடிமுறை வரும்’ என்ற பேச்சுக்குக் கண்ணையும் மூளையையும் விலையாகக் கொடுக்க முடியாது.

தலையில் அடிபட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது. 2013இல் ஒட்டாவாப் பக்கம் றக்பி விளையாட்டில் மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டு உயிரிழந்த 17 வயது ரோவன் ஸ்ரிங்கரின் பெயரால் ஒன்ராறியோ 2018இல் ரோவன் சட்டத்தை இயற்றியது. மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாக ஐயம் எழுந்தால் வீரரை உடனே விலக்க வேண்டும்; மருத்துவ அனுமதியோடு படிப்படியாகவே திரும்ப வேண்டும். 26 வயதுக்குட்பட்ட வீரர்கள் ஆண்டுதோறும் இது பற்றிய தகவலைப் படித்து உறுதி செய்ய வேண்டும். உங்கள் வகுப்பு இந்த நெறியைப் பின்பற்றுகிறதா என்று கேளுங்கள். வர்ம எண்ணெயும் தடவலும் பிறகு வரட்டும். தலைவலி, வாந்தி, மயக்கம் இருந்தால் முதலில் மருத்துவமனை.

மேடையும் அடுத்த படியும்

ஒன்ராறியோ 2014இல் சட்டம் இயற்றி ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. கலையைக் காட்ட ஆண்டுதோறும் வாய்ப்புக் கிடைக்கும் மாதம் அது. போட்டி விரும்புவோருக்கு எல்லை இன்னும் விரிந்திருக்கிறது: 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. புள்ளி முறையில் எதிராளியின் உடம்பில் கம்பின் முனை தொட்டதை எண்ணுவார்கள். வேகத்தைப் போலவே கட்டுப்பாடும் அதில் மதிக்கப்படும்.

இரண்டு மூன்று ஆண்டு நிலைத்த மாணவர் செய்ய வேண்டிய இன்னொன்று, கற்றுக் கொடுப்பது. ஒன்ராறியோவில் உயர்பள்ளிப் பட்டம் பெற 40 மணி நேரச் சமூக சேவை தேவை. இலாப நோக்கற்ற சங்கம் நடத்தும் வகுப்பில் சிறியவர்களுக்குக் காலடி சொல்லிக் கொடுப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று பள்ளி ஆலோசகரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இன்று டுராமில் சிலம்பம் சொல்லித் தருவோர் பலர் ஊரில் கற்று வந்தவர்கள். அவர்களுக்குப் பிறகு இங்கே பிறந்த ஆசான்கள் வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஏழு வயதுப் பிள்ளையின் பாதத்தைத் திருத்தி வைக்கும் வகுப்பு உங்கள் பகுதியில் இருந்தால், உங்கள் பிள்ளையை அங்கேயே சேர்த்துவிடுங்கள்.